சாவா மூவாப் பணம்

(அறநிலையத்தின் ஆண்டு உபயதாரர் சந்திப்பில் செயலவை உறுப்பினர் ஆற்றிய உரை)



அம்பாளின் திருவருளால் இவ்வாண்டுத் திருவிழா ஒரு குறையுமின்றி நடந்தேறியது. அந்த மகிழ்ச்சியோடு உங்களை வீட்டுக்கு அனுப்பாமல், மின்கட்டணத்தைப் பற்றிப் பேசும்படி தலைவர் என்னை மேடையேற்றி விட்டார். சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். மணி அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். தலைவர் 20 நிமிடத்தில் மணி அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு நம் வசந்த மண்டபத்திலும் திருமண மண்டபத்திலும் இருந்த 60 பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினோம். காலஞ்சென்ற தம் கணவரின் நினைவாக ஓர் அம்மையார் அதற்கு 6,000 வெள்ளி கொடுத்தார். அப்போது நான் பொருளாளர். ரசீது எழுதியதும் நான், மலரில் நன்றி தெரிவித்ததும் நான். அத்தோடு அந்தக் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

2023ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து அந்த அம்மையார் எழுந்தார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் பேர்ல போட்ட லைட்டு இதுவரைக்கும் எவ்வளவு மிச்சம் பண்ணிச்சுங்க?" என்று கேட்டார். குற்றம் சொல்லக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். நான் கோப்பைப் புரட்டினேன். 2016ஆம் ஆண்டுக் கட்டணத்தையும் 2018ஆம் ஆண்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்னதுதான் அதிகம்! இடையில் திருமண மண்டபத்துக்கு நான்கு குளிர்சாதனப் பெட்டிகள் வாங்கியிருந்தோம். விளக்குகள் மிச்சம் செய்தது உண்மை. எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. அந்தப் பணம் எங்கே என்று கேட்டால் அதுவும் தெரியாது. பொதுக் கணக்கில் கலந்து, பூவாகவும் பாலாகவும் பந்தல் வாடகையாகவும் போய்விட்டது.

"தெரியவில்லையம்மா" என்றேன். "சரிங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார். முப்பது ஆண்டுக் காலம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறு ஆண்டு, 2024இல், மகளைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் ஆன் ஆர்பர் என்ற சிறிய நகரம். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி மக்கள்தொகை 123,851. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இருப்பதால் நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அது தேர்தல் காலம். வீட்டு முற்றங்களில் அதிபர் வேட்பாளர்களின் பலகைகளுக்கு நடுவே, ஊருக்கென்று ஒரு மின்சார அமைப்பு வேண்டுமா என்ற வாக்கெடுப்புக்கும் பலகை நட்டிருந்தார்கள். ஒரு சின்ன ஊர் மக்கள் மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே என்று எனக்கு வியப்பு. மருமகனைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாமா, இது நேற்று தொடங்கியது இல்லை" என்று சொல்லி என்னை நூலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1988ஆம் ஆண்டு அந்த நகராட்சி 14 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. நகராட்சிக்குச் சொந்தமான 30 கட்டடங்களில் மின்சாரமும் எரிபொருளும் வீணாவதைத் தடுக்கத்தான் அந்தக் கடன். பத்து ஆண்டுகளில் அதைக் கட்டி முடித்தார்கள். கடன் தீர்ந்தால் நாம் என்ன செய்வோம்? கார் தவணை முடிந்த மாதமே வேறொரு சாமான் வாங்கத் தவணை போடுவோம். அவர்கள் 1998இல் செய்தது வேறு. கடனுக்காக ஆண்டுதோறும் ஒதுக்கிவந்த தொகையில் 100,000 டாலரை நிறுத்தாமல், அதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தனி நிதியில் போட்டு வந்தார்கள். மொத்தம் 500,000 டாலர். நகராட்சி எரிசக்தி நிதி என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு பொதுப் பணத்திலிருந்து புதிதாகக் கேட்காமல், அந்த நிதி தானே சுழன்று நிற்க வேண்டும் என்பது திட்டம்.

எப்படிச் சுழல்கிறது என்பதைக் கரும்பலகை இல்லாமலே சொல்லிப் பார்க்கிறேன். நகராட்சியின் ஒரு கட்டடத்துக்குப் பொறுப்பான அதிகாரி, "இந்தக் கொதிகலனை மாற்றினால் ஆண்டுக்கு இவ்வளவு மிச்சமாகும்" என்று விண்ணப்பம் போடுகிறார். குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர்; நமக்குக் குளிர்சாதனம் எப்படியோ அவர்களுக்குக் கொதிகலன் அப்படி. மூன்று பேர் கொண்ட குழு விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பணம் கொடுக்கிறது. வேலை முடிந்த பிறகு, மிச்சமாகும் என்று மதிப்பிட்ட தொகையில் 80 விழுக்காட்டை அந்தத் துறை ஐந்து ஆண்டுகளுக்கு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். மீதி 20 விழுக்காடு துறைக்கே. ஐந்தாண்டு முடிந்தால் மிச்சம் முழுவதும் துறைக்கே.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வேலைக்குச் செலவு 20,000 டாலர். அதனால் ஆண்டுக்கு மிச்சம் 5,000 டாலர். அதில் 80 விழுக்காடு 4,000. ஐந்து ஆண்டில் 20,000. போட்ட முதல் அப்படியே திரும்பிவிட்டது. இதைவிட வேகமாக மிச்சம் தரும் வேலையாக இருந்தால் போட்டதற்கு மேலேயே திரும்பும். அந்த உபரியைக் கொண்டு, மெதுவாக மிச்சம் தரும் வேலைகளுக்கும் கைகொடுக்கலாம். வண்டி நிறுத்தும் மாடிக் கட்டடங்களின் விளக்குகள், கொதிகலன்கள், தெருவிளக்குகள், சூரிய ஒளித் தகடுகள் என்று பலவற்றுக்கும் அந்த நிதி உதவியிருக்கிறது.

துறைக்கு எதற்கு 20 விழுக்காடு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அதன் அருமை உடனே புரிந்தது. ஆண்டு முடிவில் பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறைந்துவிடும் என்று பயந்து, நவம்பர் மாதம் அவசர அவசரமாகச் சுண்ணக்கட்டியும் காகிதமும் வாங்கிக் குவித்த பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். சிக்கனம் செய்தவனுக்குத் தண்டனை கிடைத்தால் யார் சிக்கனம் செய்வார்கள்? மிச்சத்தில் ஒரு பங்கு முதல் நாளிலிருந்தே அவன் கையில் நிற்க வேண்டும். நம் மடப்பள்ளிக்கும் மண்டபத்துக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருப்பிக் கட்டும் தொகையை மாதாந்திர மின்கட்டணத்தைப் பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. வேலை தொடங்குமுன்பே மதிப்பிட்டு, அதை நிர்ணயித்துவிடுகிறார்கள். கட்டணத்தைப் பார்த்தால் நான் விழுந்த குழியில்தான் விழ வேண்டும். குளிர்சாதனம் கூடும், விசேஷங்கள் கூடும், கட்டண விகிதம் மாறும். விளக்கு மிச்சப்படுத்தியது அதில் மறைந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். நான் அளக்காமல் போட்டேன்.

தெருவிளக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு வாக்கில், எல்.இ.டி. தெருவிளக்கு என்றால் பலரும் நம்பாத காலத்தில், நகரின் மையப் பகுதியில் சில விளக்குகளை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பகுதியின் வளர்ச்சி ஆணையம் 630,000 டாலர் மானியம் கொடுக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளை மாற்ற முனைந்தார்கள். ஆண்டுக்கு 100,000 டாலருக்கு மேல் மிச்சமாகும் என்பது அப்போதைய மதிப்பீடு. இரவில் அந்தத் தெருக்களில் நானும் மருமகனும் நடந்திருக்கிறோம். விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும் கிழவனை அங்குள்ளவர்கள் என்ன நினைத்தார்களோ!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுழல்நிதி ஒன்றே எல்லாவற்றையும் சாதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய வேலைக்கு வெளியிலிருந்து மானியம் வந்தது. தனியார் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் அந்த நிதி போதாது. அவர்கள் கடன் வாங்கிச் சீர்செய்துகொண்டு, சொத்து வரியோடு சேர்த்துத் திருப்பிக் கட்டும்படி மிச்சிகன் மாநிலமே 2010இல் ஒரு சட்டம் செய்தது. 2030க்குள் கரியமிலப் புகையை நிகர அளவில் இல்லாமல் ஆக்குவது என்று 2020இல் நகரமன்றம் ஒரு திட்டத்தை ஏற்றபோது, அதற்கு முற்றிலும் வேறு அளவில் பணம் தேவைப்பட்டது. அதற்காக 2022 நவம்பரில் மக்களிடம் நேராகப் போய், 20 ஆண்டுகளுக்கு ஒரு கூடுதல் வரி கட்டச் சம்மதமா என்று கேட்டார்கள். சொத்தின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். வாக்களித்தவர்களில் பத்தில் ஏழு பேர் சம்மதம் என்றார்கள்! நான் பார்த்த 2024 வாக்கெடுப்பும் அதைவிட அதிக ஆதரவோடு நிறைவேறியது.

தம் கையிலிருந்து வரி கொடுக்க மக்கள் சம்மதித்தார்கள் என்பதை அங்கே படித்தபோது எனக்கு நம் அம்மையாரின் நினைவுதான் வந்தது. அந்த ஊரின் வெற்றிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். படித்தவர்கள் நிறைந்த ஊர், வசதியும் உள்ள ஊர். ஆனால், போட்ட பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அங்கே 1998இலிருந்து இருந்தது. அதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் அமெரிக்காவுக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசராச சோழன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் சந்நிதியில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் தர்மம் செய்கிறார் என்றால், அவர் நெய்யை வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்தார். ஆடு இல்லையென்றால் 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றை இடையர்கள் பெற்றுக்கொண்டு, விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்படையும், குட்டியும் போடும். கொடுத்த எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. இப்படி ஒப்படைத்த ஆடுகளைத்தான் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று அழைக்கின்றன. சாகாதது, மூப்படையாதது.

சுழல்நிதி என்று புதுப்பெயர் சூட்டி நாம் வியப்பது இதைத்தான். அதைவிட என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. யார் கொடுத்தார், எத்தனை ஆடு, பெற்றுக்கொண்டவர் யார், எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று அவ்வளவையும் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் படிக்கிறோம். நம் 60 விளக்குகளின் கணக்கு ஆறு ஆண்டு கழித்து என் கோப்பில்கூட இல்லை.

ஊர் திரும்பியதும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். பழைய குழல் விளக்கு சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 45 வாட். புதியது 18 வாட். விளக்கு ஒன்றுக்கு மிச்சம் 27 வாட். 60 விளக்குக்கு 1,620 வாட். நாளொன்றுக்குச் சராசரி 10 மணி நேரம் எரிகிறது என்றால் 16.2 யூனிட். ஆண்டுக்கு 5,913 யூனிட். யூனிட்டுக்குத் தோராயமாக 50 சென் வைத்தால் 2,956 வெள்ளி 50 சென். ஆன் ஆர்பர் முறைப்படி அதில் 80 விழுக்காட்டை ஐந்து ஆண்டுகள் தனியாக எடுத்து வைத்திருந்தால், அம்மையார் கொடுத்த 6,000 வெள்ளி 11,826 வெள்ளியாகத் திரும்பி வந்திருக்கும். விளக்குகளும் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அப்ப இந்தப் பணத்துல கோபுரத்து லைட்டையும் மாத்தியிருக்கலாமே, ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

ஆகவேதான் சென்ற மாதம் செயலவையில் இந்த யோசனையைக் கொண்டுவந்தேன். எளிதில் ஏற்கவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மிச்சமான பணத்தை அன்னதானத்துக்குக் கொடுக்காமல் தனிக் கணக்கில் பூட்டி வைப்பது என்ன தர்மம் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். பசித்தவனுக்குச் சோறு போடுவதைவிட விளக்கு பெரிதா என்றார். அவர் கேட்டது சரிதான். இதற்கு நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. அந்த 20 விழுக்காட்டை முதல் ஆண்டிலிருந்தே அன்னதானக் கணக்கில் நேராகச் சேர்ப்பது, ஐந்தாண்டுக்குப் பிறகு மிச்சம் முழுவதையும் அதற்கே விடுவது என்று முடிவானது. இதுவரை மிச்சத்திலிருந்து அன்னதானத்துக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. இனிமேல் சொல்லலாம். அந்த மூத்தவர் முழு மனதோடு சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். பார்ப்போம் என்றார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே பேசலாம். குழல் விளக்கின் மேல் உபயம் இன்னார் என்று பெரிய எழுத்தில் எழுதி, பாதி வெளிச்சத்தை எழுத்தே குடித்துவிடும் காட்சியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கொடுப்பவர் தம் பெயரைக் காண ஆசைப்படுவது இயல்பு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிணற்றடி மோட்டாரிலும் கூரைக்கு அடியில் போடும் வெப்பத் தடுப்பிலும் யார் பெயரை எழுதுவது, யார் அண்ணாந்து பார்ப்பது? மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். அதனால் இந்த நிதிக்குக் கொடுப்பவர்களின் பெயரோடு, அவர்கள் பணம் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது, எதற்குப் போயிருக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் இம்மலரில் அச்சிடுவோம். மதிப்பீடு தவறிப்போனாலும் அதையும் அச்சிடுவோம். விண்ணப்பங்களைப் பார்க்க மூவர்: செயலவையிலிருந்து ஒருவர், உபயதாரர்களில் ஒருவர், வெளியிலிருந்து ஒரு மின்பொறியாளர்.

முதல் வேலை கோபுரத்தின் எட்டு ஒளிவெள்ள விளக்குகள். சாரம் கட்டும் கூலியோடு 9,000 வெள்ளி ஆகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 வெள்ளி மிச்சமாகும் என்று மின்பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் 4,000 நிதிக்கு, 1,000 அன்னதானத்துக்கு. திரும்பும் பணத்தில் அடுத்த சுற்று திருமண மண்டபத்துக் குளிர்சாதனப் பெட்டிகள்; அவை விலை அதிகம், மெதுவாகத்தான் மிச்சம் தரும். அதற்கும் அடுத்த சுற்றில், தோட்டப்புறத்துச் சிறு ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வட்டியில்லாமல் கொடுக்கலாம் என்பது என் ஆசை. அது செயலவையின் முடிவு அல்ல, என் ஆசை மட்டும்.

நிதியின் கணக்குப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இன்று காலை வரை 6,250 வெள்ளி வந்திருக்கிறது. முதல் வரியில் இருப்பது அந்த அம்மையாரின் பெயர்தான், நான் கேட்காமலே மறுபடியும் கொடுத்தார். இன்னும் 2,750 வெள்ளி சேர்ந்தால் தைப்பூசத்துக்கு முன்னே சாரம் கட்டிவிடலாம். இரண்டாம் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் வரவேண்டியவை மிச்சத் தொகைகள். அடுத்த ஆண்டு இதே மேடையில், இதே மைக்கில், அந்தப் பக்கத்தை வாசிக்கத் தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும்.

மணி அடித்துவிட்டார்.